மதியத்தில் மூன்று மணி நேரம்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்கள் மூவருக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் தரப்படும் என்றும் சொன்னது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் இருந்த இடம் வெயிலுக்கும் கிடைத்ததே என்று எங்கள் பக்கம் பலரும் சந்தோஷப்பட்டோம். உண்மையிலேயே அது நல்ல முடிவு. ஆனால் புயல் வருகிறதென்றால் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களைத் தடுக்கிறோம், தாழ்வான இடத்தில் இருப்பவர்களை முகாமுக்குக் கூட்டிப் போகிறோம். வெயில் வருகிறதென்றால் மட்டும், "மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வர வேண்டாம்" என்று அறிவுரை சொல்வதோடு நின்றுவிடுகிறோம். அந்த மூன்று மணி நேரமும் வெளியே நின்றால்தான் கூலி என்கிற ஆள், அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர்தான். அதனால்தான் சென்னைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மூவருக்கும் சேர்த்து எழுதக் காரணம், 2019 வரை இது ஒரே மாவட்டம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் குடியாத்தம் பக்கத்திலிருந்து வேன் போகிறது. ஒரு மாவட்டத்தில் கட்டுப்பாடு வந்தால் மேஸ்திரியும் லாரியும் அடுத்த மாவட்டத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். மூவரும் ஒரே நாளில் ஒரே ஆணையைப் போட்டால்தான் பலன் இருக்கும்.

நான் கேட்பது இதுதான். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, மதியம் 12 முதல் 3 மணி வரை, திறந்தவெளியில் உடலுழைப்பு வேலை நிற்க வேண்டும். நின்ற நேரத்துக்காக யாருடைய கூலியும் குறையக் கூடாது. இந்தத் தேதிகளுக்கு வெளியேயும், 38 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வரும் எந்த நாளிலும் அதே விதி தானாக அமலுக்கு வர வேண்டும்.

கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். வெயில் இப்போது பஞ்சாங்கத்தில் குறித்தபடி வருவதில்லை. கத்திரி வெயில் மே 4-ல் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை என்று கணக்குச் சொல்வார்கள். எங்களுக்கு மார்ச்சிலேயே தகர ஷீட் தொட முடியாமல் கொதிக்கிறது. 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப்போன கூட்டத்தில், வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் இறந்தார்கள். அது ஐப்பசி பிறப்பதற்குச் சில நாள் முன்பு. வழக்கமாக வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் நேரம். அடுத்த இரண்டு மாதத்திலேயே, ஃபெஞ்சல் புயலின் பின்னால், திருப்பத்தூருக்குப் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2021 நவம்பரில் பாலாற்றில் நூறு வருடத்தில் யாரும் பார்க்காத வெள்ளம் போனது. பேரணாம்பட்டில் அந்த மழையில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு அது. இப்படிப்பட்ட நிலத்தில் தேதியை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது, வெப்பமானியையும் பார்த்துத்தான் போட வேண்டும்.

வெப்பமானி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வானிலைத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு அந்தக் காலத்துக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. இல்லாவிட்டால் நேரடியாக 45-ஐத் தொட வேண்டும். மே மாதத்தில் வேலூரின் வழக்கமான உச்சமே 38, 39 டிகிரி. ஆகவே ஏறத்தாழ 43-க்கு மேல் போனால்தான், அதாவது செய்தித்தாள் போடும் ஃபாரன்ஹீட் கணக்கில் ஏறத்தாழ 110 டிகிரி வந்தால்தான், எங்களுக்கு வெப்ப அலை. 41 டிகிரியில் ரோட்டுக்குத் தார் ஊற்றும் ஒருவர் விழுந்தால் அன்றைக்கு ஏட்டில் வெப்ப அலையே இல்லை. வேலூர்க்காரர்களுக்கு வெயில் பழகியிருக்கும் என்று நினைக்கலாம். ஓரளவுக்குப் பழகும்தான். ஆனால் வேர்வை காய்ந்துதான் உடம்பு குளிர வேண்டும், அதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் புத்தி தடுமாறும், வலிப்பு வரும், சிறுநீரகமும் ஈரலும் கெடும். அந்த 41 டிகிரியும் காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுத்த கணக்கு. தார் கொப்பரைக்குப் பக்கத்தில் யாரும் அளப்பதில்லை.

நிழல்கூட எங்கள் பக்கம் சீக்கிரம் ஆறுவதில்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். சென்னைக்கு மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், இங்கே வராது. சாயங்காலம் திடீரென்று இடியும் சூறைக்காற்றுமாகக் கோடை மழை வந்தால் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் அதே காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடாது. மழை பெய்த ஈரப்பதத்தோடு புழுக்கம் கூடிவிடும். தூங்காத உடம்புதான் மறுநாள் காலை வேலைக்குப் போகிறது. ஏற்கெனவே தளர்ந்த அந்த உடம்புதான் மதியத்தில் விழுகிறது.

இந்த வெயிலும் மழையும் சேர்ந்து ஒரே ஆளை அடிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். மழை இருக்காது என்பதால் கோடைதான் சூளைக்குச் சீசன். குடும்பத்தோடு முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து தங்கியிருப்பார்கள். அவர்களில் இருளர் குடும்பங்கள் நிறைய. கல் அறுப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்கே எழுந்து வேலையை ஆரம்பிக்கிறார்கள். அவர்களாகவே நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள், எந்த ஆணைக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் மதியம் அவர்கள் தூங்க வேண்டிய இடம் ஆள் நிமிர முடியாத தகரக் குடிசை. அதற்குள் தூங்க முடியாது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஒரு வேப்பமரத்தடி இருக்கிறதா என்று தேடுவார்கள். வேகும் சூளைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கும், வெந்த கல்லைப் பிரித்து லாரியில் ஏற்றுபவர்களுக்கும் அந்தச் சலுகையும் கிடையாது. லாரி மதியம் வந்தால் மதியம்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம் அந்தக் கோடை மழை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அறுத்து வெயிலில் காயப்போட்ட பச்சைக் கல், அரை மணி நேர மழையில் கரைந்து சேறாகிவிடும். பல சூளைகளில் கரைந்த கல் கணக்கில் வராது. அன்றைக்கு உழைத்தது போயிற்று, முன்பணக் கடன் மட்டும் அப்படியே நிற்கும். மழைக்கு ஈடுகட்ட மறுநாள் வெயிலில் கூடுதல் நேரம் அறுப்பார்கள். வானம் எப்போது என்ன செய்யும் என்று தெரியாத காலத்தில், அந்தத் தெரியாமையின் செலவு முழுவதையும் சூளையிலேயே மிக ஏழையான குடும்பத்தின் தலையில் வைத்திருக்கிறோம். எனவே சூளைகளுக்கு மதிய ஓய்வு மட்டும் போதாது. தினமும் சாயங்காலம் அறுத்த கல்லை எண்ணிக் கணக்கில் எழுதிவிட வேண்டும், அதற்குப்பிறகு பெய்யும் மழை முதலாளியின் பொறுப்பு என்று ஆணையில் வர வேண்டும். படுத்துத் தூங்கக்கூடிய உயரத்தில், ஓலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த பொதுக்கொட்டகை ஒன்று ஒவ்வொரு சூளையிலும் வேண்டும். கீற்றுக்கு ஆகிற செலவு சூளை முதலாளிக்குப் பெரிய தொகை இல்லை.

"மதியம் வேலையை நிறுத்தினால் தொழில் படுத்துவிடும்" என்று உங்களிடம் வந்து சொல்வார்கள். பக்கத்துக் கேரளத்தில் தொழிலாளர் துறை கோடைதோறும் இதே ஆணையைப் போடுகிறது. பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது, காலை 7 முதல் மாலை 7-க்குள் 8 மணி நேர வேலையை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் கட்டடம் எழும்பாமல் போகவில்லை. எங்கள் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெளி வேலைக்குத் தடை. கத்தாரில் காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை. வாணியம்பாடிப் பையன் துபாயில் கொத்தனார் வேலை செய்தால் மதியம் நிழலில் உட்கார அவனுக்குச் சட்டம் இருக்கிறது. அதே பையன் சொந்த ஊரில் அதே வேலையைச் செய்தால் மேஸ்திரியின் மனசைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு இது தாங்க முடியாத வருத்தம்.

நம் அரசுக்கும் வெயிலுக்காக வேலையை மாற்றத் தெரியும். 2023-ல் வெயில் தணியவில்லை என்று பள்ளி திறப்பை ஜூன் 1-லிருந்து தள்ளித் தள்ளி ஜூன் 12-க்குக் கொண்டுபோனார்கள். கோடையில் வழக்கறிஞர்கள் மேலங்கி போடாமல் வரலாம் என்று உயர் நீதிமன்றம் விலக்குத் தருகிறது. போக்குவரத்துக் காவலர்களுக்கு மோரும் தொப்பியும் தருகிறார்கள். எல்லாமே சரியான காரியம். பள்ளிக்குப் போகாமல் வெயிலுக்குத் தப்பிய பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

சரி, கூலிக்குப் பணம் எங்கிருந்து வரும்? வேலை செய்யாத நாளுக்கும் தொழிலாளிக்குப் பணம் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறார்கள். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் தருகிறார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தையும் உப்பு விளையாத காலத்தையும் மதிக்கும் அரசு, மனிதர் வேலை செய்யக் கூடாத நேரத்தையும் அதே கணக்கில் சேர்க்கலாம். கட்டட வேலைக்கு இன்னும் சுலபம். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வாரியத்துக்கு வரியாகப் போகிறது. தொழிலாளியின் பேரில் வசூலித்த பணம் அது. நாள் கூலிக்காரருக்கு முதலாளியே முழுக்கூலி தர வேண்டும். எண்ணிக்கைக் கூலிக்காரர் இழப்பதை வாரிய நிதியிலிருந்து கொடுக்கலாம். இதற்கு மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படலாம். மூன்று ஆட்சியர்கள் சேர்ந்து எழுதும் பரிந்துரைக்குத் தலைமைச் செயலகத்தில் இருக்கும் மதிப்பு என்னைப் போன்றவர்களின் மனுவுக்குக் கிடையாது. அதையும் உங்களிடம்தான் கேட்கிறேன்.

மதிய ஓய்வு எட்டாத ஒரு கூட்டமும் உண்டு. என் அம்மா பீடி சுற்றியவர். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு வெயில் வெளியே இல்லை, கூரையில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, ஃபேனை அணைத்துவிட்டுத்தான் சுற்றுவார்கள். ஃபேன் போட்டால் தூள் பறக்கும். அவர்கள் கணக்கு எந்த வெப்ப அலை அறிவிப்பிலும் வராது. அவர்களுக்கு வேண்டியது கூரைக்கு வெள்ளை. ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சூடு சில டிகிரி இறங்கும். சுண்ணாம்பு அடித்தால்கூட ஒரு கோடை தாங்கும். உள்ளாட்சி மூலமாகப் பிப்ரவரியிலேயே தெருத் தெருவாக இதைச் செய்யலாம். குழாய்த் தண்ணீர் விடும் நேரத்தையும் தயவுசெய்து பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் அது மதியம் ஒரு மணிக்கு வந்தால், தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வெயிலில் குடத்தோடு நிற்கிறார்கள். காலை ஆறு மணிக்கு விட்டால் பைசா செலவில்லை.

பெண்களைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். வேலை இடத்தில் கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கட்டட வேலை செய்யும் சித்தாளைக் கேளுங்கள், ரோடு பெருக்கும் தூய்மைப் பணியாளரைக் கேளுங்கள். தண்ணீர் கேன் வைத்துவிட்டோம் என்று ஒப்பந்தக்காரர் கணக்குக் காட்டுவார், கேன் நிறைந்தபடியே இருக்கும். ஆகவே கழிப்பறையையும் வெயில் ஏற்பாடாகவே ஆணையில் எழுதுங்கள். ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகப் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. வெப்பமான இடத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவும், வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகும் அபாயத்தை அது காட்டியது. செங்கல் சூளையும் வயலும் உப்பளமும்தான் அந்தப் பெண்களின் வேலையிடங்கள். நம் மாநிலத்துப் பெண்களிடமே எடுத்த இந்த ஆய்வு நம் மாவட்ட நிர்வாகத்தின் மேஜையில் இருக்க வேண்டும்.

இனி இறந்தவர்களின் கணக்கு. எங்கள் தெருவில் ஒருவர் சென்ட்ரிங் கம்பி கட்டுகிறவர். ஒரு மே மாதம், மொட்டை மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவர் உளற ஆரம்பித்து, சுருண்டு விழுந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இருக்கலாம், வெயிலில் இதயமும்தான் நின்றுபோகும். ஆனால் உடம்பு எவ்வளவு சூடாக இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அவருடைய மனைவிக்கு இப்படியும் ஒரு சாவு உண்டு என்றே தெரியாது. வெப்பத்தால் இறந்தவரின் உடம்பில் கத்தியால் குத்தியதுபோல் அடையாளம் இருக்காது. கொண்டுவந்த உடனே உடல் சூட்டை அளந்து, நேரத்தோடு, எங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதோடு எழுதி வைத்தால்தான் பிறகு எதையும் நிரூபிக்க முடியும். அரசு அறிவித்த 4 லட்சம் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்வது அந்த ஒரு குறிப்பில் இருக்கிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலுக்குப் பிறகு, வழக்கமான சாவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் 1,344 பேர் கூடுதலாக இறந்தது தெரியவந்தது. அதன் பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம்தான் மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி ஆனது. எண்ணிப் பார்த்ததால் வந்த திட்டம் அது. மூன்று மாவட்டங்களிலும் ஏப்ரல், மே மாத இறப்புகளைப் போன வருடங்களோடு ஒப்பிட்டு ஜூலையில் வெளியிடுங்கள்.

முதலுதவியும் அப்படித்தான். விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, விழுந்த இடத்திலேயே குளிரவைக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்கு ஃபோன் செய்துவிட்டு வண்டி வரும் வரை இதைச் செய்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். மேஸ்திரிகளுக்கும் சூளைக் கணக்குப்பிள்ளைகளுக்கும் நூறு நாள் வேலைப் பொறுப்பாளர்களுக்கும் இதை ஒரு காலை நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நீர்மோர்ப் பந்தல்களைப் பற்றி ஒரு வரி. ஏப்ரலில் திறப்பு விழாவின்போது தர்பூசணியும் இளநீரும் கிடைக்கின்றன, சில நாளில் பானை காய்ந்துவிடுகிறது. அனுமதி கேட்கும்போதே ஜூன் வரை நிரப்புவோம் என்று எழுதி வாங்குங்கள்.

சூளைச் சீசன் பொங்கலை ஒட்டித் தொடங்கிவிடுகிறது. கட்டட ஒப்பந்தங்களும் அப்போதே பேசி முடிகின்றன. ஆணை மே மாதத்தில் வந்தால் யாருக்கும் பயனில்லை. பிப்ரவரி கடைசிக்குள் ஆணையை வெளியிட்டு, மீறும் வேலையிடத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணையும், விசாரிக்கும் அதிகாரியின் பதவியையும் அதிலேயே அச்சிடுங்கள். ஒவ்வொரு சூளை வாசலிலும் கட்டட வாசலிலும் அந்த ஆணை தமிழில் மட்டுமல்ல, வடமாநிலத் தொழிலாளர் இருக்கும் இடங்களில் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும். அவர்களும் நம் வெயிலில்தான் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து
ஒரு பீடித் தொழிலாளியின் மகன்